விரலுக்கு ஒரு விளிம்பு வேண்டும்: தொடுபலகை வைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லிஃப்ட், பணம் செலுத்தும் கருவி, அடுப்பு, சலவை இயந்திரம் இவற்றின் முகப்பை வடிவமைக்கிற பொறியாளர்களே, அதைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிப் பொருத்துகிற நிர்வாகிகளே,

நான் வேலை பார்க்கிற கட்டடத்தில் லிஃப்டைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, உள்ளே இருந்த பொத்தான்களை எல்லாம் கழற்றிவிட்டு, மேலிருந்து கீழ்வரை வழவழவென்று ஒரே கண்ணாடிப் பலகையை வைத்துவிட்டீர்கள். எனக்குப் பார்வை கிடையாது. பழைய பலகையில் எண்கள் மேடாக இருந்தன, பக்கத்திலேயே பிரெய்ல் இருந்தது, யாரையும் எதுவும் கேட்காமல் என் தளத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். இப்போது உள்ளே வேறு ஆள் இருந்தால் அவரைக் கேட்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கண்ணாடியில் விரலை ஓட்டித் தேட வேண்டும். தேடும்போதே விரல் பட்ட தளத்துக்கெல்லாம் உத்தரவு போய்விடுகிறது, லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து திறந்து மூடுகிறது, நடுவில் ஏறுகிறவர்கள் "யார் இப்படி எல்லாத்தையும் அமுக்கி வச்சது" என்று சலித்துக்கொள்கிறார்கள். காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

புகார் கொடுத்தேன். மூன்று பதில்கள் வந்தன. தொட்டால் பலகை லேசாக அதிரும், அது போதாதா என்பது ஒன்று. வேண்டுமானால் பிரெய்ல் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறோம் என்பது இரண்டாவது. மூன்றாவது பதிலைப் பலகையைப் பொருத்திய பொறியாளரே நேரில் சொன்னார்: "உங்களுக்குத்தான் தொடு உணர்வு எங்களைவிட அதிகமாச்சே, பழகினா வந்துடும்." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த மடலை எழுத வைத்ததே அந்தப் பதில்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் விரல் நுனியில் என்னென்ன செல்கள் இருக்கின்றனவோ அவைதான் என் விரல் நுனியிலும் இருக்கின்றன. யோஹான்சன், வால்போ என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர், உயிருள்ள மனிதர்களின் கை நரம்பில் மெல்லிய ஊசி முனையைச் செருகி, ஒவ்வொரு நரம்பு இழையும் எதற்குத் துடிக்கிறது என்று கேட்டுக் கணக்கெடுத்து 1979-ல் வெளியிட்டார்கள். ஒரு கையின் உள்ளங்கைப் பக்கம் முழுவதற்கும் சுமார் 17,000 தொடு நரம்பு இழைகள் என்பது அவர்கள் மதிப்பீடு. விரல் நுனியில்தான் நெருக்கம் அதிகம். ஒரு சதுர செண்டிமீட்டரில் அசைவை உணரும் மைஸ்னர் வகை சுமார் 140, விளிம்பை உணரும் மெர்க்கல் வகை சுமார் 70. பார்வை போனால் இந்த எண்ணிக்கை ஏறிவிடுவதில்லை. மாறுவது மூளை. பிரெய்ல் படிக்கும்போது பார்வையற்றவர்களின் மூளையில் பார்வைக்கு உரிய புறணிப் பகுதியும் சேர்ந்து வேலை செய்கிறது என்று 1996-லேயே படம் எடுத்துக் காட்டினார்கள். வயதாக ஆக எல்லோருக்கும் விரலின் கூர்மை குறையும், நாள்தோறும் பிரெய்ல் படிக்கிற எங்களிடம் அந்தக் குறைவு பெரிதாகத் தெரிவதில்லை என்றும் ஆய்வு உண்டு. சரி, பழக்கம் இவ்வளவு தூரம் உதவும். அங்கே இல்லாத ஒன்றை உணர்வதற்கு எந்தப் பழக்கமும் உதவாது.

எது இல்லை என்று சொல்ல, தோலுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் விஷயமே.

மேல்தோலின் அடிவரிசையில், சுற்றியுள்ள தோல் செல்களுக்கு நடுவே ஆங்காங்கே மெர்க்கல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஃபிரிட்ரிக் மெர்க்கல் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் 1875-ல் இவற்றை விவரித்து, பார்த்த மாத்திரத்தில் தொடு செல்கள் என்றே பெயரும் வைத்தார். ஒவ்வொரு செல்லின் அடியிலும் ஒரு நரம்பு முனை தட்டையாக விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தொடுகையை உணர்வது செல்லா, நரம்பா, அல்லது செல் வெறும் துணைக்கு இருக்கிறதா என்று நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். 2009-ல் மெர்க்கல் செல்களே உருவாகாத எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, மென்தொடுகைக்கு அந்த நரம்புகளிடமிருந்து வர வேண்டிய பதில் வரவில்லை. அடுத்த வருடம் அமெரிக்க விஞ்ஞானி ஆர்டெம் படபூட்டியனின் குழு, அழுத்தத்துக்கு மின்துடிப்புக் காட்டும் ஒரு செல் வகையை எடுத்து, சந்தேகத்துக்கு உரிய 72 மரபணுக்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைத்துப் பார்த்து, பீசோ என்ற புரதத்தைப் பிடித்தார்கள். செல்லின் சவ்வு இழுபட்டால் திறந்துகொண்டு அயனிகளை உள்ளே விடுகிற வாயில் அது. 2014-ல் மெர்க்கல் செல்லுக்குள்ளும் அதே குடும்பத்துப் புரதமான பீசோ2 இருக்கிறது, செல் தானே அழுத்தத்தை உணர்ந்து நரம்புக்குச் சேதி சொல்கிறது என்று உறுதியானது. நரம்பு முனையும் தன் பங்குக்கு உணர்கிறதாம், அதாவது சண்டை போட்ட இரு தரப்புமே ஓரளவு சரி. படபூட்டியனுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது, டேவிட் ஜூலியஸோடு சேர்ந்து.

இந்த மெர்க்கல் அமைப்புக்கு இரண்டு குணங்கள். ஒன்று, அழுத்தம் இருக்கிறவரை துடித்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் ஓயாது. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம்: தட்டையான பரப்பைவிட விளிம்புக்கு அது மிக அதிகமாகத் துடிக்கும். ஒரு மேடு, ஒரு முனை, ஒரு பள்ளத்தின் ஓரம் என்று எங்கே தோல் வளைகிறதோ அங்கே இருக்கிற இழைகள் கத்துகின்றன, பக்கத்து இழைகள் அடங்கியிருக்கின்றன, அந்த வித்தியாசத்திலிருந்துதான் மூளை வடிவத்தை எடுக்கிறது. விரல் நுனியில் இரண்டு முனைகளை இரண்டாகவே உணர சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். முதுகில் 4 செண்டிமீட்டர் அளவுக்கு வேண்டும். பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர், உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். தாளில் நான் படிப்பது முழுக்க அந்த அரை மில்லிமீட்டர் மேட்டை வைத்துத்தான்.

ரேகை மேடுகளுக்கு அடியில், மேல்தோலை ஒட்டியே மைஸ்னர் உறுப்புகள். இவை அசைவுக்கு மட்டும் பதில் சொல்லும். விரல் நகர்ந்தால், பிடித்த பொருள் நழுவ ஆரம்பித்தால், உடனே துடிக்கும், அசைவு நின்றதும் அடங்கிவிடும். கையிலிருந்து வழுக்கும் டம்ளரை நீங்கள் யோசிப்பதற்கு முன்பே இறுக்கிப் பிடிப்பது இவற்றின் தயவு. இன்னும் ஆழத்தில் பசினியன் உறுப்பு இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் அளவு, வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியுமாம், வெங்காயம் மாதிரி படலம் படலமாக, நடுவில் ஒரே ஒரு நரம்பு முனை. அதிர்வுக்கென்றே ஆனது அது. நொடிக்கு 200 முதல் 300 வரை அதிர்கிற எதையும் மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். ரஃபினி என்று நான்காவது ஒன்றும் உண்டு, தோல் இழுபடுவதைச் சொல்வது, நம் பேச்சுக்கு அது தேவைப்படாது.

இப்போது பழைய லிஃப்ட் பொத்தானை நான் அழுத்துவதைப் பாருங்கள். விரல் பலகையில் பட்டதும் மெதுவாக நகர்கிறது, நகர்வதை மைஸ்னர் சொல்கிறது. பொத்தானின் ஓரம் வந்ததும் நுனியின் ஒரு பக்கத்து மெர்க்கல் செல்கள் மட்டும் பலமாகத் துடிக்கின்றன: இங்கே ஒரு விளிம்பு. விரல் மேலே ஏறுகிறது, எண்ணின் கோடுகள், பக்கத்தில் பிரெய்ல் புள்ளிகள். இதுவரை எந்த உத்தரவும் போகவில்லை, நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், தப்பான எண் என்றால் அடுத்ததற்கு நகரலாம், யாருக்கும் தொந்தரவில்லை. சரியான எண் என்று தெரிந்த பிறகு அழுத்துகிறேன். பொத்தான் கொஞ்சம் எதிர்த்து, பிறகு டக்கென்று உள்ளே போகிறது, அந்த டக் பசினியனுக்குப் போய்ச் சேர்கிறது: வேலை முடிந்தது. மூன்று வகை உறுப்பும் முறை வைத்துக்கொண்டு பேசி முடிக்க ஒரு நொடிகூட ஆகாது. நீங்களும் இப்படித்தான் அழுத்துகிறீர்கள், கண் முந்திக்கொள்வதால் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கண்ணாடியில் விளிம்பு இல்லை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மெர்க்கல் செல்கள் ஒரே பதிலைத்தான் சொல்லும். அதைவிட மோசம், அழுத்தவே தேவையில்லாமல் விரல் பட்டாலே கண்ணாடி அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. பார்க்கிறவர்களுக்குத் தேடுவது கண், செய்வது கை. எங்களுக்கு இரண்டும் விரல்தான். தேடும் தொடுகையையும் செய்யும் தொடுகையையும் ஒன்றாக்கிவிட்டால் எங்களுக்குத் தேடவே வழி கிடையாது. தொடுபலகையோடு எனக்கு இருக்கிற வழக்கு முழுவதும் இதுதான்.

அதிர்வு இருக்கிறதே என்ற பதிலுக்கு வருகிறேன். நீங்கள் வைத்திருக்கிற அதிர்வு பெரும்பாலும் பசினியனுக்குத்தான் போகிறது. அது ஆழத்தில், எண்ணிக்கையில் குறைவாக, ஒரு விரல் முழுவதையோ கையின் பெரும்பகுதியையோ ஒன்றாகக் காவல் காக்கிற உறுப்பு. ஏதோ அதிர்ந்தது என்று சொல்லும், எந்த இடம், என்ன வடிவம் என்று அதனால் சொல்ல முடியாது. தவிர, அந்த அதிர்வு எப்போது வருகிறது? உத்தரவு போன பிறகு. ஏழாவது தளமோ மூன்றாவது தளமோ ஒரே மாதிரி அதிர்ந்து, 'ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டாய்' என்று தெரிவிப்பதால் எனக்கு என்ன பிரயோஜனம்?

ஸ்டிக்கர் கதை இன்னும் வேடிக்கை. ஒட்டித்தான் தந்தார்கள். பிரெய்லைப் படிக்க விரலை அதன்மேல் ஓட்ட வேண்டும், வைத்துக்கொண்டு சும்மா நின்றால் புள்ளிகள் மங்கிவிடும். நான் '4' என்று படித்து முடிப்பதற்குள் நான்காவது தளத்துக்கு உத்தரவு போய்விட்டது, ஏனென்றால் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிற கண்ணாடிக்கு நான் படிக்கிறேனா அழுத்துகிறேனா என்று தெரியாது. அப்புறம் துடைக்கிறவர்கள் துடைக்கத் துடைக்க ஓரம் பெயர்ந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துபோனது. ஒட்டிய ஆளுக்கு இதை முன்னாலேயே சொல்லியிருக்க எங்களில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் போதும்.

லிஃப்டோடு நின்றிருந்தால்கூட யாரையாவது கேட்டுக் காலத்தை ஓட்டிவிடலாம். கடையில் பணம் கட்டும் கருவியின் எண் பலகையும் கண்ணாடியாகிவிட்டது. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதே என்று வங்கி மாதா மாதம் செய்தி அனுப்புகிறது, கருவியோ முன்பின் தெரியாத ஒருவர் காதில் நான் அதைச் சொன்னால்தான் பணம் கட்ட விடுகிறது. பழைய கருவிகளில் 5-ன் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அந்த ஒரு புள்ளியை வைத்து ஒன்பது எண்ணையும் கண்டுபிடித்துவிடலாம். அதை எடுத்ததில் உங்களுக்கு என்ன மிச்சம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டில் கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு: பாத்திரம் இறக்கிய சூடான பரப்பும், அணைக்கும் இடமும் ஒரே தட்டில், நடுவில் ஒரு கோடுகூடக் கிடையாது. அணைக்கும் இடத்தைத் தேடுகிற கை எங்கே போய் வைக்கும் என்று வடிவமைத்தவர் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

'போனில் மட்டும் முடிகிறதே' என்பீர்கள். முடிகிறது, இந்த மடலையே போனில்தான் எழுதுகிறேன். ஆனால் அது எப்படி முடிந்தது என்று பாருங்கள். 2009-ல் ஐஃபோனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வந்தபோது ஒரு மாற்றம் செய்தார்கள்: விரல் பட்டால் என்ன இருக்கிறது என்று குரல் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் வேலை நடக்கும். தேடுவதையும் செய்வதையும் மறுபடி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடியே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. போனுக்கு முடிந்ததை நீங்கள் ஏன் லிஃப்டுக்கும் அடுப்புக்கும் செய்யவில்லை என்றுதான் கேட்கிறேன்.

இதை எங்கள் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவைக்கவும் முடியாது. 2017-ல் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் கட்டுப்படுத்திய தொடுதிரையின் குழப்பமான அமைப்பும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது, 2019-ல் அந்தக் கடற்படை தன் நாசகாரிக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோலுக்கே மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த மாலுமிகளுக்குக் கண் நன்றாகத் தெரியும். கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பும், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குக் கையால் உணரும் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2026-ஆம் ஆண்டு விதிகளில் கேட்கிறது. சாலையைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நீரிழிவில் நரம்பு பாதித்தவர்கள், புற்றுநோய் மருந்தால் விரல் மரத்தவர்கள், மைஸ்னரும் மெர்க்கலும் குறைந்துபோன முதியவர்கள் எல்லோருக்கும் ஒரு தெளிவான விளிம்பு தேவைப்படுகிறது. வறண்ட விரலைச் சில கண்ணாடிகள் விரலென்றே ஒப்புக்கொள்வதில்லை என்று வயதானவர்கள் புலம்புவதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. பிறவியிலேயே பீசோ2 வேலை செய்யாத சிலரைப் பற்றி 2016-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். சூடு தெரியும், வலி தெரியும், ஆனால் அதிர்வு தெரியாது, கண்ணைக் கட்டிவிட்டால் தங்கள் கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது, நடக்கவே தடுமாறினார்கள். கண் திறந்திருக்கும்போது சமாளித்தார்கள். உங்கள் பலகைக்கு முன்னால் எல்லோரையும் அந்த நிலையில்தான் நிறுத்துகிறீர்கள்: கண்ணை எடுத்தால் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

விரல் மழுங்கலான கருவி என்று யாராவது நினைத்தால், ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2013-ல் வந்தது. மனித விரல், நகர்த்தித் தடவும்போது, 13 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) உயரச் சுருக்கம் உள்ள பரப்பையும் சுருக்கமே இல்லாத பரப்பையும் பிரித்துச் சொல்லிவிட்டது. நான் உங்களிடம் நானோமீட்டர் எதுவும் கேட்கவில்லை. அரை மில்லிமீட்டர் கேட்கிறேன்.

கேட்பவை இவை. எங்கள் கட்டட நிர்வாகம், கழற்றிய பொத்தான் பலகையை, அல்லது அதற்கு நிகரான ஒன்றை, கண்ணாடிக்குப் பக்கத்திலேயே திரும்பப் பொருத்த வேண்டும். குறைந்தபட்சம் தள எண்கள், கதவு திறக்க, அவசர அழைப்பு இவை அழுத்தினால் உள்ளே போகிற, விளிம்புள்ள பொத்தான்களாக இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் சொல்லுங்கள், 'பரிசீலிக்கிறோம்' என்பது தேதி ஆகாது. பணம் செலுத்தும் கருவி செய்கிறவர்கள் எண் பலகையை மேடான விசைகளாகவே வைத்திருங்கள், 5-ன் மேல் புள்ளியோடு. கண்ணாடிதான் வைப்பீர்கள் என்றால் முதல் தொடுகைக்குக் குரலில் பதில் சொல்லி, இரண்டாவது தட்டலுக்கோ பலமான அழுத்தத்துக்கோ மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள், ரகசிய எண்ணுக்கு இயர்போன் துளை கொடுங்கள். அடுப்பு செய்கிறவர்களே, அணைப்பதற்கு மட்டுமாவது சூடு ஏறாத முன்பக்கத்தில் ஒரு திருகு வேண்டும், இதில் பேரம் இல்லை. எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று: வாங்குவதற்கு முன், பொருத்துவதற்கு முன், பார்வையற்ற இரண்டு மூன்று பேரைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டு, அவர்கள் கையில் கொடுத்துச் சோதியுங்கள். பொருத்தி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்கிற வழக்கத்தை விடுங்கள்.

பதிலைக் கையெழுத்து போட்டு, ஸ்கேன் எடுத்துப் படமாக அனுப்பிவிடாதீர்கள். திரைவாசிப்பான் படிக்கிற மாதிரி எழுத்தாக அனுப்புங்கள்.